கண்ணாடிக்குப் பின்னால் இருண்ட தங்கம்: ஆறு பழைய கண்ணாடி ஓவியங்களை ஒளிப்படமாக்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பூர்வீக வீட்டை மூடிவிட முடிவெடுத்த ஒரு குடும்பத்தினர், பூஜை அறையிலும் முன்கூடத்திலும் தலைமுறைகளாக மாட்டியிருந்த ஆறு கண்ணாடி ஓவியங்களைச் சென்னையில் உள்ள எங்கள் சிறிய ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். உடன்பிறந்தவர்கள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டாக அவை பிரிய இருந்தன. பிரிந்த பிறகும் ஒவ்வொரு வீட்டிலும் ஆறு படங்களும் இருக்க வேண்டும் என்பதற்காக, மூலத்தின் அளவிலேயே அச்சிடத்தக்க ஒளிப்படங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சுவார்த்தையை மகன் நடத்தினாலும், படங்களைப் பற்றிய கடைசிச் சொல் எழுபது வயதைக் கடந்த அவருடைய தாயாருடையதாகவே இருந்தது.

கண்ணாடி ஓவியம் என்று இங்கே சொல்வது, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த ஓவியத்தை அல்ல. கண்ணாடியின் பின்புறத்திலேயே வரைந்து முன்புறமிருந்து பார்க்கும் ஓவியத்தை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்தும், சீனாவின் கான்டன் துறைமுக வணிகத்தின் வழியாகவும் இந்தியாவுக்கு வந்த இந்த முறை, 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் ஓவியர்களின் கையில் கிருஷ்ணனும் இராமர் பட்டாபிஷேகமும் இலட்சுமியுமாக மாறியது. இதில் வேலை தலைகீழாக நடக்கும். கண், புருவம், நகையின் நுண்கோடு ஆகியவற்றை ஓவியர் முதலில் போடுவார். உடலின் நிறமும் ஆடையும் அவற்றின்மேல் வரும். பின்னணி கடைசியில்தான் வரும். நகையும் தூணும் வளைவும் வரும் இடங்களை நிறமில்லாமல் விட்டு, அங்கே பின்னாலிருந்து தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தாளை, ஒட்டுவதும், சில வேளைகளில் கசங்கிய ஜிகினாத் தாளை வைப்பதும் வழக்கம்.

ஒளிப்படம் எடுப்பவருக்கு இதிலிருந்து ஒரு நேரடி விளைவு உண்டு. பலகையில் செய்யும் தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுக்கும்போது மேலே உள்ள கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம். இங்கே கண்ணாடிதான் ஓவியத்தைத் தாங்கும் பரப்பு. அதைக் கழற்றினால் ஓவியமே இல்லை. ஆகவே கண்ணாடியின் எதிரொளிப்போடுதான் வேலை செய்தாக வேண்டும்.

வந்தபோது கண்டவை

ஆறில் ஐந்து படங்கள் ஏறத்தாழ 60 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் கொண்டவை. ஆறாவது சிறியது, 30 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் இருக்கும், அது தவழும் கிருஷ்ணன். எல்லாவற்றுக்கும் பழைய தேக்குச் சட்டமும், பின்னால் துருப்பிடித்த ஆணிகளால் அடித்த மெல்லிய பலகையும் இருந்தன. சட்டத்தைப் பிரிக்கக்கூடாது என்று தாயார் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் நாங்கள் பிரித்திருக்க மாட்டோம். பலகையின் பின்னால் நிறத்தின் நிலை என்ன என்பது தெரியாமல் ஆணியைப் பிடுங்குவது எங்கள் தொழில் அல்ல.

கண்ணாடிகள் கையால் ஊதிச் செய்த பழைய வகையைச் சேர்ந்தவை. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு மெல்லிய அலைகளாக ஏறி இறங்குவது தெரிந்தது. இரண்டு படங்களில் சிறு குமிழ்களும் இருந்தன. நான்கு படங்களில் தங்க ரேக்கும், அவற்றுள் இரண்டில் கூடவே ஜிகினாவும் இருந்தன. சிறிய படத்தில் ரேக்கு கழுத்தணியிலும் அரைஞாணிலும் மட்டும் இருந்தது.

முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு தவறு நடக்க இருந்தது. முன்புறம் படிந்திருந்த எண்ணெய்ப் புகையையும் தூசியையும் கண்ட எங்கள் உதவியாளர், வழக்கமாகக் கண்ணாடி துடைக்கும் திரவத்தை எடுத்துவந்து தெளிக்கப் போனார். முன்புறத்தில் தெளிக்கும் திரவம் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இடுக்கில் இறங்கிப் பின்புற நிறத்தை அடையக்கூடும். பசை கலந்த நிறமாக இருந்தால் ஈரம் பட்ட இடத்தில் அது கரையும். நல்லவேளையாக, தெளிப்பதற்கு முன் நிறுத்திவிட்டோம். காற்று ஊதும் ரப்பர் பந்தும், மென்மயிர்த் தூரிகையும், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியும் மட்டுமே அதன்பின் பயன்பட்டன. புகைக்கறை முழுவதும் போகவில்லை. படங்களில் அது இருக்கும் என்று குடும்பத்தினரிடம் சொல்லி ஒப்புதல் பெற்றோம்.

முதல் நாள் முற்பகல்: அறையைக் காட்டிய ஒளிப்படங்கள்

படத்தைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, இருபுறமும் 45 பாகைக் கோணத்தில், ஒளியை மென்மையாகப் பரப்பும் சாஃப்ட்பாக்ஸ் பொருத்திய இரண்டு ஃபிளாஷ்களும், நேர் எதிரே 2 மீட்டர் தொலைவில் 100 மி.மீ. லென்ஸோடு கேமராவும் வைத்தோம். தட்டையான ஓவியங்களுக்கு இது வழக்கமான ஏற்பாடு. விளக்குகளின் நேரடிப் பிரதிபலிப்பு எதிர்பார்த்தபடியே விழவில்லை. ஆனால் இருண்ட பின்னணி கொண்ட படங்களில் கேமராவின் முக்காலியும், கூரை மின்விசிறியும், நான் அணிந்திருந்த வெள்ளைச் சட்டையும் மங்கலாகத் தெரிந்தன.

இதன் காரணம் எளியது. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு, நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. 4 விழுக்காடு என்பது வெண்மையான இடத்தின்மேல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. கருநீலத்தின்மேலோ கரும்பச்சையின்மேலோ விழுந்தால், அந்த நிறமே அவ்வளவுதான் ஒளி தருவதால், பிரதிபலிப்பு நிறத்துக்குச் சமமாக நிற்கும். வெள்ளைச் சட்டை கிருஷ்ணனின் தோளில் தெரிந்ததும், இலட்சுமியின் வெளிர்மஞ்சள் ஆடையில் தெரியாமல் போனதும் இதனால்தான்.

உதவியாளர் லென்ஸில் போலரைசர் ஃபில்டரை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை, மாட்டித் திருகிப் பார்த்தார், பயனில்லை. லென்ஸில் மட்டும் மாட்டும் போலரைசர், கண்ணாடிப் பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து 56 பாகை அளவில் சாய்ந்து வரும் எதிரொளிப்பைத்தான் நன்றாக நீக்கும். பள்ளிப் பாடத்தில் ப்ரூஸ்டர் விதி என்று படித்தது இதுவே. கேமரா நேர் எதிரே நிற்கும்போது அதற்குத் தெரியும் பிரதிபலிப்பு ஏறத்தாழ செங்குத்தாகத் திரும்பி வருவது. அதில் தளவிளைவு, அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிரும் தன்மை, அநேகமாக இல்லை. கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளைச் சாய்வாக நின்று எடுத்துப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் ஏமாற்றம் வருவது இயல்பு.

முதல் நாள் பிற்பகல்: எடுத்த முடிவும் அதன் காரணமும்

எதிரொளிப்பை முழுவதுமாக நீக்க எங்களிடம் இருந்த உறுதியான வழி, விளக்குகளின் முன்னும் போலரைசர் தகடு வைத்து, லென்ஸின் போலரைசரை அதற்குக் குறுக்காகத் திருப்பிவிடுவது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி தன் அதிர்வுத் தளத்தை மாற்றிக்கொள்வதில்லை. லென்ஸின் போலரைசர் அதை அடைத்துவிடும். நிறத்துக்குள் புகுந்து சிதறி வரும் ஒளி தளத்தை இழந்துவிடுவதால், அதில் ஒரு பகுதி லென்ஸுக்குள் வரும். இந்த ஏற்பாட்டில் ஒளி மூன்று ஸ்டாப்புக்கு அருகில், அதாவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக, குறையும். ஃபிளாஷின் அளவைக் கூட்டி அதை ஈடு செய்தோம். வெப்பம் வேண்டாம் என்பதற்காக ஃபிளாஷில் தொடர்ந்து எரியும் வழிகாட்டி விளக்குகளை அணைத்தே வைத்திருந்தோம்.

மாலைக்குள் ஆறு படங்களும் முடிந்தன. திரையில் அவை மிகத் தூய்மையாக இருந்தன: அறை இல்லை, சட்டை இல்லை, கண்ணாடியே இல்லை என்னும்படி நிறங்கள் செறிவாக வந்திருந்தன. நிற அட்டையையும் அதே ஒளியில் எடுத்துச் சரிபார்த்திருந்ததால், வேலை முடிந்தது என்றே நாங்கள் மூவரும் நினைத்தோம். அந்த நிறைவில்தான் எங்கள் பிழை இருந்தது. ரேக்கு கறுத்திருந்ததை அன்று மாலையே நான் பார்த்தேன். பழைய ரேக்கு, மங்கியிருக்கும் என்று எண்ணி மேலே யோசிக்காமல் விட்டேன். மூன்றடி தள்ளி, தாங்கியில் இருந்த அசலைத் திரும்பி ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

இரண்டாம் நாள் காலை: தாயார் சொன்னது

மறுநாள் காலை தாயார் வந்து திரையின் முன் உட்கார்ந்தார். முதல் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நிறமெல்லாம் சரிதான் தம்பி. ஆனா இது எங்க வீட்டுப் படம் இல்ல. விளக்கு ஏத்தினா கிருஷ்ணன் கழுத்து மின்னும், இதுல கழுத்துல கரி பூசின மாதிரி இருக்கு," என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. உலோகப் பரப்பு ஒளியைச் சிதறடிப்பதில்லை; கண்ணாடியைப் போலவே தளம் மாறாமல் திருப்பி அனுப்புகிறது. குறுக்குப் போலரைசர் ஏற்பாட்டுக்குக் கண்ணாடியின் எதிரொளிப்பும் தங்கத்தின் எதிரொளிப்பும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே அது நீக்கிவிடும். நாங்கள் அறையின் பிம்பத்தை நீக்கியபோது, ஓவியர் வேண்டுமென்றே வைத்த ஒளியையும் நீக்கிவிட்டோம். இந்த ஓவியங்கள் சன்னல் குறைந்த பூஜை அறையில், எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பார்க்கப்படுவதற்காக அமைந்தவை. அந்த வெளிச்சத்தில் நகை மின்னுவது ஓவியத்தின் ஒரு பகுதி. கேமராவும் சட்டையும் மின்விசிறியும் தெரிவது அறையின் பகுதி. ஒவ்வொரு எதிரொளிப்பையும் அது ஓவியத்தைச் சேர்ந்ததா, அறையைச் சேர்ந்ததா என்று கேட்டுப் பிரித்திருக்க வேண்டிய வேலையை நாங்கள் முதல் நாள் செய்யவில்லை.

மூன்று வழிகள் முன்னிருந்தன. கணினியில் ரேக்கு இருக்கும் இடங்களைத் தேர்ந்து மஞ்சளாக ஒளியூட்டுவது முதலாவது. மகன் அதைத்தான் கேட்டார், நேரமும் குறையும். நான் மறுத்தேன். கறுத்துப்போன இடத்தில் கோப்பில் தகவலே இல்லை; அங்கே நாம் போடும் மஞ்சள் நம்முடைய ஓவியமாக இருக்குமே ஒழிய அந்த ரேக்கின் பதிவாக இராது. லென்ஸின் போலரைசரைச் சிறிது திருப்பித் தளர்த்துவது இரண்டாவது. செய்து பார்த்ததில் தங்கம் ஓரளவு எழுந்தது. கூடவே அலைக்கண்ணாடியின் மேடுகளில் அறையின் மங்கிய கோடுகளும் எழுந்தன. போலரைசர்களையே விட்டுவிட்டு, கண்ணாடியின் எதிரே என்ன இருக்கிறது என்பதை நாமே அமைப்பது மூன்றாவது. அதையே தேர்ந்தோம்.

சிறிய படத்தில் தெரிந்த சாம்பல் திட்டு

இந்த ஆலோசனையின் நடுவில், முற்பகல் சோதனைப் படங்களையும் பிற்பகல் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்த உதவியாளர், சிறிய படத்தின் கீழ் மூலையில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். போலரைசர் இல்லாத முதல் படத்தில், தரையின் பச்சை நிறத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளிறிய சாம்பல் திட்டு இருந்தது. குறுக்குப் போலரைசரில் எடுத்த படத்தில் அது ஏறத்தாழ மறைந்திருந்தது.

முதலில் அதை அறையின் பிம்பம் என்றே நினைத்தோம். அசலின் அருகில் சென்று தலையை அசைத்துப் பார்த்தபோது, பிம்பம் நகர்வதுபோல அது நகரவில்லை; ஓவியத்தோடு ஒட்டியே நின்றது. நிறம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும்வரை கண்ணாடியின் பின்பரப்பு தனியாக எதிரொளிப்பதில்லை. நிறம் கண்ணாடியை விட்டுப் பிரிந்தால் இடையில் மெல்லிய காற்றுப் படலம் வந்து, பின்பரப்பிலிருந்தும் இன்னொரு 4 விழுக்காடு அளவுக்கு ஒளி திரும்பும். அந்த இடம் வெளிறித் தெரியும். நாங்கள் பார்த்தது பிரிந்து நிற்கும் நிறம். நாங்கள் குறையென்று கருதி ஒதுக்கிய சோதனைப் படம் இல்லையென்றால் இதைக் கண்டிருக்கவே மாட்டோம்.

வேலையை நிறுத்தி, ஓவியப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவரைத் தொலைபேசியில் கேட்டோம். அவருடைய அறிவுரை சுருக்கமானது: படத்தை நிமிர்த்தி வைக்க வேண்டாம்; கண்ணாடி கீழாகவும் நிறம் மேலாகவும் கிடத்துங்கள், உதிர்வது உதிர்ந்த இடத்திலேயே கிடக்கும்; பலகையைத் திறக்க வேண்டாம்; தட்டவோ குலுக்கவோ வேண்டாம்; வெப்பம் வேண்டாம். முதல் நாள் அந்தப் படம் தாங்கியில் முக்கால் மணி நேரம் நிமிர்ந்து நின்றிருந்தது. அதைத் தாயாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டுல நூறு வருஷம் நிமிந்துதான் நின்னுது, இனிமே படுக்கட்டும்," என்றார்.

இரண்டாம் நாள்: கறுப்புத் துணியும் சாம்பல் அட்டையும்

மற்ற ஐந்து படங்களையும் மீண்டும் எடுத்தோம். கேமரா ஓவியத்துக்கு நேர் எதிரே இருக்கும்போது, தட்டையான கண்ணாடியில் அதற்குத் தெரியக்கூடிய பகுதி, கேமரா இருக்கும் தளத்தில் ஓவியத்தைப்போல நீளத்திலும் அகலத்திலும் இருமடங்கு. 60க்கு 45 செ.மீ. படத்துக்கு 120க்கு 90 செ.மீ. அந்தப் பரப்புக்குள் கறுப்பு மட்டுமே இருந்தால் கண்ணாடி கறுப்பை மட்டுமே காட்டும். எங்களிடம் 150க்கு 100 செ.மீ. கறுப்பு வெல்வெட் துணி இருந்தது. நடுவில் லென்ஸுக்கு ஓட்டை வைத்துத் தொங்கவிட்டோம். கணக்குப்படி போதுமானது. ஆனாலும் ஓவியத்தின் ஓரங்களில் சுவரின் வெண்மை வளைந்த கோடாகத் தெரிந்தது.

அலைக்கண்ணாடியை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பரப்பு 3 பாகை சாய்ந்தால் எதிரொளிக்கும் கதிர் 6 பாகை திரும்பும். 2 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 21 செ.மீ. விலகல். எங்கள் துணி உயரத்தில் பக்கத்துக்கு 15 செ.மீ., அகலத்தில் பக்கத்துக்கு 5 செ.மீ. மட்டுமே கூடுதலாக இருந்தது. இன்னும் இரண்டு துணிகளை இணைத்து 2 மீட்டருக்கு மேல் விரித்ததும் கோடுகள் மறைந்தன. முக்காலியின் பளபளக்கும் கால்களையும் கேமராவின் வெள்ளை எழுத்துகளையும் கறுப்பு நாடாவால் மூடினோம். நானும் கறுப்புச் சட்டைக்கு மாறினேன்.

இப்போது நிறங்கள், போலரைசர் படங்களுக்கு ஏறத்தாழச் சமமாகத் தூய்மையாக வந்தன. கசங்கிய ஜிகினா, அதன் மடிப்புகள் பல கோணங்களில் திரும்பியிருப்பதால், பக்கவாட்டு ஃபிளாஷ்களைப் பிடித்து மின்னியது. ஆனால் வழவழப்பாக ஒட்டிய ரேக்கு இன்னும் கறுப்பாகவே இருந்தது. அதுவும் ஒரு கண்ணாடிதான். அதன் எதிரே நாங்களே கறுப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தோம்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்ட கணக்கு இதற்குப் பிறகு வந்தது. கண்ணாடி 4 விழுக்காடு எதிரொளிக்கிறது; தங்கம் ஏறத்தாழ முக்கால் பங்கை எதிரொளிக்கிறது. ஆகவே கறுப்புக்குப் பதிலாக, நடுத்தரச் சாம்பல் நிறத்தில், தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் தரும் ஓர் அட்டையை வைத்து, ஓவியத்தின்மேல் விழும் அளவுக்கே அதன்மேலும் ஒளி விழச் செய்தால், தங்கம் அதை ஏறத்தாழ 13 விழுக்காட்டு ஒளியாகக் காட்டும். கண்ணாடி வெறும் 0.7 விழுக்காட்டு மூட்டத்தைத்தான் சேர்க்கும். கருநீலத்தின்மேல் 0.7 விழுக்காடு என்பது பொறுக்கத்தக்கது. வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது தங்கம் இன்னும் நன்றாக எழுந்தது. ஆனால் மூட்டமும் நான்கைந்து மடங்கு ஆகி, இருண்ட பகுதிகள் சோகை பிடித்தன.

அட்டையை எங்கே வைப்பது என்பதையும் அளந்தே முடிவு செய்தோம். ஓவியத்தின் மையத்திலிருந்து 15 செ.மீ. மேலே இருக்கும் கழுத்தணி, லென்ஸுக்கு 30 செ.மீ. மேலே இருப்பதைக் காட்டும். ரேக்கு பெரும்பாலும் மகுடத்திலும் வளைவிலும் தூண்களின் மேற்பகுதியிலும் இருந்ததால், லென்ஸுக்கு மேலுள்ள பாதியில் மட்டும் சாம்பல் அட்டையை அமைத்து, கீழ்ப்பாதியைக் கறுப்பாகவே விட்டோம். அட்டையின் கீழ் விளிம்பு இருண்ட பகுதிகளில் கோடாகத் தெரியாதபடி, அந்த விளிம்பை ஓவியத்தின் பக்கமாக வளைத்து நிழலில் கரையவிட்டோம். தங்கம் தன் இயல்பான மஞ்சளோடு, ரேக்கின் ஒட்டுகளும் விரிசல்களும் தெரியும்படி வந்தது.

விளக்கொளியின் உணர்வு வரட்டும் என்று அட்டைக்கு மட்டும் ஆரஞ்சு வெளிச்சம் கொடுக்கலாமே என்ற யோசனை எழுந்தது. அழகாக இருந்திருக்கும். ஆனால் மூன்று வீடுகளில் அசலுக்கு ஈடாக நிற்கப்போகும் பதிவில், ரேக்கின் நிறம் எங்கள் விளக்கின் நிறமாக இருக்கக்கூடாது என்பதால் அதைச் செய்யவில்லை.

மூன்றாம் நாள்: கீழிருந்து எடுத்த படம்

சிறிய படத்தை எடுக்காமல் விடுவதே நேர்மையான முடிவு என்று முதலில் எண்ணினேன். ஆனால் பராமரிப்பு வேலை தொடங்குமுன் இப்போதைய நிலையின் தெளிவான பதிவு இருந்தால் தமக்கும் உதவும் என்று அந்த வல்லுநரே சொன்னார். நிறம் மேலே, கண்ணாடி கீழே என்றால், கேமரா அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டு கனமான மேசைகளை மரக்கட்டைகள்மேல் ஏற்றி, மேற்பரப்பு தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி இடைவெளி விட்டு நிறுத்தினோம். இடைவெளியின் குறுக்கே இரண்டு சட்டப்பலகைகளை மேசைகளோடு இறுக்கி, படத்தின் தேக்குச் சட்டம் மட்டும் அவற்றின்மேல் உட்காரும்படி வைத்தோம். படத்தை வைப்பதற்கு முன், அதே எடையுள்ள பழைய சட்டம் ஒன்றை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தோம். கேமரா தரையில் மேல்நோக்கிக் கிடந்தது, 100 மி.மீ. லென்ஸில் இந்த அளவுப் படத்துக்கு ஒரு மீட்டரை ஒட்டிய தொலைவு போதும். கேபிள் வழியாக மடிக்கணினியிலிருந்தே குவியத்தைச் சரிசெய்து படமெடுத்ததால், படத்தின் அடியில் யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

மூன்று நிலைகளில் எடுத்தோம். தரை முழுவதும் கறுப்புத் துணி விரித்து ஒன்று. கழுத்தணிக்கும் அரைஞாணுக்கும் எதிரே சாம்பல் அட்டை வைத்து இரண்டாவது. பிரிந்த நிறத்தின் எல்லை தெரிய வேண்டும் என்பதற்காகவே, அந்த மூலைக்கு எதிரே வெள்ளை அட்டை வைத்து மூன்றாவது. மூன்றாவது படத்தில் சாம்பல் திட்டின் விளிம்பு வரைபடம்போலத் தெளிவாக வந்தது. அதன் பக்கத்தில் கடுகளவில் இன்னும் இரண்டு புள்ளிகளும் தெரிந்தன.

விளைவு

குடும்பத்தினருக்கு ஒவ்வொரு படத்துக்கும் கறுப்பு மட்டும் வைத்து எடுத்ததையும், தங்கமுள்ள படங்களுக்குச் சாம்பல் அட்டையோடு எடுத்ததையும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்தோம். இரண்டையும் கணினியில் கலந்து ஒன்றாக்கவில்லை. அச்சுக்குச் சாம்பல் அட்டைப் படங்களையே தாயார் தேர்ந்தார். முதல் நாள் எடுத்த போலரைசர் படங்களை அழித்துவிடச் சொன்னார்கள். நிறத்தின் செறிவை மட்டும் பார்க்க அவை சிறந்தவை என்று விளக்கி, "ரேக்கின் ஒளி நீக்கப்பட்டது" என்று கோப்பின் பெயரிலேயே குறித்து வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

சிறிய படத்தின் முதல் நாள் சோதனைப் படத்தையும் மூன்றாம் நாள் படத்தையும் பொருத்திப் பார்த்தபோது பெரிய திட்டின் எல்லை மாறியிருக்கவில்லை. சிறு புள்ளிகள் முதல் நாளே இருந்தனவா என்பதை அந்தச் சோதனைப் படத்தின் தரத்தைக்கொண்டு உறுதிசெய்ய இயலவில்லை. பராமரிப்பு வல்லுநருக்கு அனுப்பிய குறிப்பில் அதையும் எழுதினோம்.

கூலியாக ஒன்றரை நாள் வேலைக்குப் பேசியிருந்தோம். மூன்று நாள் ஆயிற்று. கூடுதல் நேரத்தின் பெரும்பகுதி எங்கள் முதல் நாள் முடிவால் வந்தது என்பதால் அதற்குப் பணம் வாங்கவில்லை.

இனி மாற்றிச் செய்வன

கண்ணாடி ஓவியம் எதுவாயினும், விளக்கைத் தொடுமுன் கையில் ஒரு சிறு டார்ச்சோடு அசலைப் பல கோணங்களில் பார்த்து, ரேக்கு எங்கே, ஜிகினா எங்கே, நிறம் பிரிந்த வெளிறல் எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்கிறோம். இந்தப் பத்து நிமிடம் முதல் நாளே செலவாகியிருந்தால் சிறிய படம் தாங்கியில் ஏறியே இருக்காது. வெளிறல் தெரிந்தால் படம் கிடந்த நிலையிலேயே இருக்கும். பராமரிப்பு வல்லுநரைக் கேட்ட பிறகுதான் அடுத்த வேலை.

குறுக்குப் போலரைசரை இப்போதும் பயன்படுத்துகிறேன். உலோகமே இல்லாத கண்ணாடி ஓவியங்களுக்கு அதைவிடத் தூய்மையான வழி எனக்குத் தெரியாது. இந்த ஆறில் ரேக்கில்லாத இரண்டுக்கு முதல் நாள் படங்களே போதுமானவையாக இருந்தன. ஆனால் முதல் சோதனைப் படத்தை எப்போதும் போலரைசர் இல்லாமல் எடுத்து, அதை அழிக்காமல் நல்ல தரத்தில் சேமித்து வைக்கிறோம்.

கறுப்புத் துணியை 3 மீட்டருக்கு 2.5 மீட்டராகப் புதிதாகத் தைத்துக்கொண்டோம். தெளிக்கும் திரவம் இருந்த குப்பி, பழைய ஓவியங்கள் வரும் நாள்களில் ஸ்டுடியோவுக்குள் வருவதில்லை. படத்துக்கு உரியவர் முதல் ஒளிப்படத்தைத் திரையில் பார்க்கும்வரை இரண்டாவது படத்தைத் தாங்கியில் ஏற்றுவதில்லை. அவர் வெளியூரில் இருந்தால் அலைபேசியில் அனுப்பிக் காத்திருக்கிறோம்.

ஐந்து படங்கள் மூன்று வீடுகளுக்குப் போய்விட்டன. தவழும் கிருஷ்ணன், கண்ணாடி கீழாக, பஞ்சு வைத்த மரப்பெட்டியில் பராமரிப்பு வல்லுநரிடம் இருக்கிறது. நிறத்தை மீண்டும் ஒட்டவைத்த பின், அதே மூன்று நிலைகளில், அதே அட்டைகளோடு மறுபடியும் எடுத்துக்கொடுப்பதாகத் தாயாரிடம் சொல்லியிருக்கிறேன்.